கப்பலில் கை நனைக்கக் கூடாது

கப்பலில் போய் வந்தவள் என்று தெரிந்ததும் ஆட்கள் என்னிடம் முதலில் கேட்பது சாப்பாட்டைப் பற்றித்தான். கப்பலில் சோறு கிடைக்குமா, கறிக்குத் தூள் போடுவார்களா, துரைமார் மாதிரி முள்ளுக்கரண்டியாலும் கத்தியாலும்தான் தின்ன வேண்டுமா என்று கேட்பார்கள். நான் எல்லாவற்றையும் விவரமாகச் சொல்வேன். சூப்பின் நிறம், கட்லட்டின் மொறுமொறுப்பு, புடிங் கோப்பையில் ஆடிய ஆட்டம், ஒன்றையும் விடமாட்டேன். உண்மையில் அவற்றில் பெரும்பகுதியை நான் கண்ணாலும் மூக்காலும் மட்டுமே அனுபவித்தேன். வாய்க்கு ஏன் கொடுத்துவைக்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

அது ஐம்பதுகளின் பிற்பகுதி. கப்பல் கொம்பனி ஒன்று, வெள்ளிக்கிழமை பின்னேரம் திருகோணமலையில் ஆட்களை ஏற்றி, கரையோரமாகக் காங்கேசன்துறை வரை கொண்டுபோய், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரும்பவும் திருகோணமலையிலேயே இறக்கிவிடும் உல்லாசப் பயணம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தது. எங்கள் ஊரான உருத்திரபுரத்தில் காலபோக நெல் வெட்டிச் சூடடித்து முடிந்திருந்த நேரம். கப்பலில் போகிறோம் என்று மட்டுந்தான் நாங்கள் சொன்னோம். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. கதை பக்கத்து ஊரான அக்கராயன் போய்ச் சேர்வதற்குள் அது சிங்கப்பூர் பயணமாகிவிட்டது. அத்தான் அதை மறுக்கவில்லை. கடல் எங்கே போனாலும் கடல்தானே என்றார்.

அத்தான் என் அக்காவின் கணவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்து, காடு வெட்டி வயலாக்கியவர். உல்லாசம் என்ற சொல்லை ரேடியோவில் கேட்டாலே முகம் சுளிக்கிறவர். அவரைக் கப்பலில் ஏற்றியது அவருடைய மகள் தவமணியின் கலியாணப் பேச்சு. வவுனியாப் புறோக்கர் ஒருவர் நெடுங்கேணிப் பையன் ஒருவனின் சாதகம் கொண்டுவந்திருந்தார். பெயர் சிவராசா. பொருத்தம் நன்றாக இருந்தது. கப்பலில் பெரிய உத்தியோகம் என்றார். என்ன உத்தியோகம் என்று கேட்டதற்கு, வெள்ளை உடுப்பும் பித்தளைப் பொத்தானும் போட்டிருப்பார் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியை உறிஞ்சினார். படம் பிறகு தருவதாகச் சொன்னார்.

மாப்பிள்ளைக்குத் தெரியாமல் மாப்பிள்ளையைப் பார்ப்பதில் அத்தானுக்கு நல்ல பழக்கம் இருந்தது. தபால் கந்தோர் மாப்பிள்ளை ஒருவர் முத்திரையை நாக்கால் நக்கி ஒட்டினார் என்பதற்காகக் கழிக்கப்பட்டார். இன்னொருவர் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் பஸ் நின்றபோது தேங்காயை ஒரே அடியில் உடைக்கவில்லை. வேறொருவர் சைக்கிளில் போகும்போது முழங்காலை அகட்டி மிதித்தார். இப்படியே தவமணிக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. அவள் வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. என் அப்புவும் இப்படித்தான் ஒவ்வொருவரையும் புடைத்துப் புடைத்துக் கழித்தார். கடைசியில் சுளகில் ஒன்றும் மிஞ்சவில்லை. நான் கிளிநொச்சியில் தையல் ரீச்சராகி, பிறருடைய பிள்ளைகளின் கூறைச் சட்டைகளுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். என் வாழ்க்கையில் எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. ஆனால் அது நான் தெரிந்தெடுத்த வாழ்க்கையும் இல்லை. தவமணிக்கும் அதே கதி வரக்கூடாது என்பது என் பிடிவாதம். அவளைக் கூட்டிப்போகத் தேவையில்லை என்று அத்தான் சொன்னபோது, அவள் வராவிட்டால் நானும் வரமாட்டேன் என்றேன். நான் வராவிட்டால் கப்பலில் இங்கிலீசில் கேட்கிறவனுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. அதனால் மூன்று பேரும் போனோம். அக்கா மாடுகளோடு நின்றுகொண்டாள்.

வெள்ளிக்கிழமை கப்பலில் ஏறியதும் முதலில் தெரியவந்தது, புறோக்கர் சொன்ன அடையாளம் ஒன்றுக்கும் உதவாது என்பது. கப்பலில் எல்லோரும் வெள்ளை உடுப்பு. கயிறு இழுக்கிறவனும் வெள்ளை, கப்பித்தானும் வெள்ளை. எங்களுக்குக் கொடுத்த அறை எங்கள் குசினியில் பாதி இருக்கும். சுவரில் ராக்கை அடித்ததுபோல் மேலுங்கீழுமாகப் படுக்கைகள். சட்டிபானை வைக்கிற இடத்தில் மனிதரைப் படுக்கச் சொல்கிறார்கள் என்று அத்தான் முறைப்பட்டார். ஆண்களுக்கு வேறு அறை என்று தெரிந்ததும் கொஞ்சம் ஆறுதலடைந்தார். அவருடைய அறையில் கண்டிப் பக்கத்துத் தோட்டத்துரை ஒருவரும் இருந்தார். அவர் படுக்கும்போது கோடு போட்ட உடுப்பு மாற்றினார் என்பதை அத்தான் ஊருக்குப் போன பிறகும் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

பின்னேரம் மேல்தட்டில் அத்தான் மாப்பிள்ளையைக் கண்டுபிடித்தார். தோளில் பொன்னிறக் கோடு போட்ட, நல்ல உயரமான ஒருவர் தூரக்கண்ணாடியோடு நின்றார். அத்தான் அவருக்குப் பின்னால் கப்பலைச் சுற்றி வந்தார். அவர் நின்றால் இவரும் நின்று கடலைப் பார்ப்பார். நடை நல்ல நடை, கழுத்து நிமிர்ந்த கழுத்து, சுருட்டும் இல்லை என்று எனக்கு வந்து சொன்னார். முதன்முறையாக ஒருவர் தேறிவிட்டார் என்று நான் சந்தோசப்பட்டேன். அந்த நேரம் அந்த மனிதர் திரும்பி, இந்தக் கிழவருக்கு என்ன வேண்டும், வழி தவறிய கோழி மாதிரி என் பின்னால் வருகிறாரே என்று இன்னொருவரிடம் இங்கிலீசில் கேட்டார். அவர் நெடுங்கேணிப் பையன் இல்லை, கொழும்புப் பறங்கிக்காரர். அத்தானுக்கு நான் அதை மொழிபெயர்த்தபோது கோழியை விட்டுவிட்டேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு மணி அடித்தது. சாப்பாட்டு மண்டபத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசைகள். ஒவ்வொரு சாப்பாட்டுக் கோப்பையிலும் ஒரு துண்டைக் கிரீடம்போல் மடித்து வைத்திருந்தார்கள். அத்தான் அதை விரித்து, உதறி, சால்வையாகத் தோளில் போட்டுக்கொண்டார். அவருக்கு அது நன்றாகத்தான் இருந்தது. சூப் வந்தது. வைத்துவிட்டுப் போனவர் மரியாதையான, மாநிறமான பையன். எங்களைப் பார்த்ததும் தமிழில், சூடாக இருக்கிறது, பார்த்துக் குடியுங்கோ என்றார். அத்தான் கரண்டியை எடுத்து, அள்ளி, ஊதினார். அப்போது குசினிக் கதவுக்குள்ளிருந்து ஒரு குரல் கூப்பிட்டது.

"சிவராசா, மூண்டாம் மேசைக்குப் பாண் போகேல்லை."

அந்தப் பையன் ஓம் என்று சொல்லிக்கொண்டு திரும்பினார். அத்தானின் கரண்டி வாய்க்கு அரைச்சாணில் நின்றுவிட்டது. பையன் பாண் ரொட்டிக் கூடையோடு திரும்பி வந்தபோது, தம்பி எந்த ஊர் என்று அத்தான் மெதுவாகக் கேட்டார். நெடுங்கேணி என்று பதில் வந்தது. அத்தான் கரண்டியைச் சூப்புக்குள் திரும்ப இறக்கினார். ஒரு துளிகூடத் தொண்டைக்குள் போகவில்லை.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போகிற வீட்டில், சம்மதம் முடிவாகும்வரை ஒருவரும் சாப்பிடமாட்டார்கள். அப்படிச் சாப்பிடுவதைக் கை நனைப்பது என்று சொல்வோம். அவர்கள் எவ்வளவு உபசரித்தாலும் பிறகு ஆகட்டும் என்று எழும்பிவிட வேண்டும். கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, பெண் கொடுத்தாயிற்று. அத்தான் இந்த விசயத்தில் எழுபது வயதுக் கிழவர்களுக்கே புத்தி சொல்லுகிறவர். இப்போது மாப்பிள்ளையாகப் பேசப்படுகிற ஆளே மூன்று வேளையும் கோப்பையில் போட்டுத் தருகிற இடத்தில், ஞாயிறு மத்தியானம்வரை, சுற்றிவரத் தண்ணீரோடு மாட்டிக்கொண்டிருந்தோம்.

சிவராசா கலவரப்பட்டு, சூப்பில் ஏதும் பிழையோ என்று கேட்டார். நான் பாய்ந்து, இன்றைக்கு வெள்ளிக்கிழமை, எங்களுக்கு விரதம், மறந்துபோய் இருந்துவிட்டோம் என்றேன். அவர் கைகட்டிக் கேட்டுக்கொண்டு போனார். திரும்பி வரும்போது கையில் பாலும் வாழைப்பழமும். விரதகாரருக்கு அது ஆகும்தானே என்றார். அத்தான் கண்ணை மூடி, இது ஒன்றுமே வாயில் வைக்காத விரதம் என்றார். எனக்குப் பழத்தின் மணம் வயிற்றுக்குள் போய்த் தட்டியது.

அறைக்குள் வந்து அத்தான் சட்டம் சொன்னார். கப்பல் சாப்பாடு ஒருவரும் தொடக்கூடாது. தண்ணீர் குடிக்கலாம், ஏனென்றால் அது குழாயில் வருகிறது. தேத்தண்ணி கூடாது, ஏனென்றால் அதை அவர் ஊற்றுகிறார். நல்ல காலம், பஸ்ஸுக்கென்று அக்கா கட்டித் தந்த புளிச்சோற்றில் ஒரு பொட்டலம் மிஞ்சியிருந்தது. ராக்கையில் மூன்று காகங்கள்போல் குந்தியிருந்து அதைத் தின்றோம். கதவுக்கு வெளியே யாரோ, புடிங் இன்னொரு தட்டு கிடைக்குமா என்று சிரித்துக்கொண்டு போனார்கள்.

சனிக்கிழமை விடிந்தபோது கப்பல் எங்கள் வன்னிக் கரையோரமாகப் போய்க்கொண்டிருந்தது. கொக்கிளாய், நாயாறு, செம்மலை என்று பஸ்ஸில் போகிற இடமெல்லாம் மெல்லிய பச்சைக் கோடாகத் தெரிந்தது. தொப்பி போட்ட கொழும்பு அம்மா ஒருவர் அதைத் தூரக்கண்ணாடியால் பார்த்து, எவ்வளவு பயங்கரமான காடு, அதற்குள் மனிதர் இருப்பார்களா என்று தன் கணவரைக் கேட்டார். யானைதான் இருக்கும் என்று அவர் சொன்னார். அந்த யானை யாருடைய வாழைத் தோட்டத்தைத் தின்றது, அதற்காக யார் யாருடைய வேலியைக் குறை சொன்னார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். சொல்ல இங்கிலீசு போதவில்லை. அத்தான் கடலைப் பார்த்தபடி நின்றார். இரணைமடுக் குளத்தில் ஒரு அங்குலம் குறைந்தாலே வாய்க்கால் கட்டில் மண்வெட்டியோடு அடிபிடி வருகிற ஊர்க்காரர். இவ்வளவு தண்ணியை வைத்துக்கொண்டு வயலுக்கு ஒரு துருசு திறக்க வழியில்லையே என்று அவருக்கு உண்மையாகவே கவலை.

காலைச் சாப்பாட்டுக்கு மணி அடித்தபோது சனி விரதம் என்று சொன்னோம். சிவராசா தவமணியை ஒரு தரம் பார்த்தார். அவள் தன் செருப்பைப் பார்த்தாள்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் கப்பல் முல்லைத்தீவுக்கு வெளியே நங்கூரம் போட்டது. வெளிச்ச வீட்டை எல்லோரும் கண்டு களிக்கலாம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பஸ்ஸில் போனால் ஒரு காலையில் போய் வரக்கூடிய வெளிச்ச வீட்டை, இவ்வளவு தூரம் சுற்றி வந்து, பசித்த வயிற்றோடு நாங்களும் கண்டு களித்தோம். கரையிலிருந்து வள்ளங்கள் வந்தன. ஒன்றில் முட்டைக் கூடைகளும் மீனும் வாழைக்குலைகளுமாகக் காசிம் நானா இருந்தார். முல்லைத்தீவு வியாபாரி, எங்கள் சந்தைக்கும் வருகிறவர். கப்பல் குசினிக்குச் சாமான் கொடுப்பது அவர்தானாம். அத்தான் என்னை இழுத்துக்கொண்டு கீழ்த்தட்டுக்கு ஓடினார். தவமணி தான் அறையில் இருப்பதாகச் சொன்னாள்.

அத்தானின் நோக்கம் வாழைப்பழம். நானா கையை விரித்தார். குலை முழுவதும் குசினிக்குச் சாமான் எடுக்கிற சிவராசாத் தம்பிக்கு விற்றாயிற்று, வேண்டுமென்றால் அவரிடம் கேட்டு ஒரு சீப்பு வாங்கித் தருகிறேன் என்றார். அத்தான் வேண்டாம் என்று இரண்டு கையாலும் மறித்தார். பிறகு மீன் விலை கேட்பதுபோல் குரலைத் தாழ்த்தி, அந்தச் சிவராசா எப்படிப்பட்ட ஆள் என்று விசாரித்தார். நானா எங்களை மேலுங்கீழும் பார்த்தார்.

"மாப்பிள்ளை பாக்க வந்தனீங்களெல்லோ அண்ணை. நேரா கேளுங்கோவன்."

பிறகு அவர் சொன்னதெல்லாம் நல்ல கதைதான். தகப்பன் இல்லை. நெடுங்கேணியில் தாயும் ஒரு தங்கையும். தங்கையைக் கட்டிக்கொடுத்துவிட்டார். குடி இல்லை. முட்டையை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டுப் பார்த்துத்தான் எடுப்பார், ஆனால் பேரம் பேசி ஏழையை நோகடிக்கமாட்டார். இனி என்ன குறை கண்டுபிடிக்கலாம் என்று அத்தான் யோசித்தார். சைக்கிள் ஓடும்போது முழங்கால் எப்படி என்று கேட்டார். நானாவுக்கு அது விளங்கவில்லை. நாங்கள் கதைத்து முடிக்கும்போது மேலே மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்து நெடுநேரமாகியிருந்தது.

நானா இரங்கி, தன்னுடைய கைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட் பக்கற் தந்தார். அறைக்குத் திரும்பியபோது தவமணி யன்னலோரம் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பங்குப் பிஸ்கட்டைத் தகப்பனிடமே கொடுத்துவிட்டாள். தனக்குப் பசியில்லையாம். அத்தானுக்குக் கண் கலங்கியது.

"பாத்தீரே மச்சாள், பிள்ளையின்ர கட்டுப்பாட்டை" என்றார்.

பின்னேரம் பருத்தித்துறைப் பக்கம் கப்பல் கொஞ்சம் ஆடத் தொடங்கியது. நிறைந்த வயிறுகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலுக்குக் கணக்குக் கொடுத்தன. எங்களிடம் கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை. விரதத்தின் பலன் இப்போது தெரிகிறதா என்று அத்தான் பெருமைப்பட்டார். சரியாக அந்த நேரம் குசினியிலிருந்து மீன் பொரிக்கிற வாசம் வந்தது. அவர் பேச்சை நிறுத்தினார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. கப்பலில் எல்லோரும் கரண்டியாலும் முள்ளாலும்தானே சாப்பிடுகிறார்கள். விரல் சோற்றில் படாவிட்டால் கை எப்படி நனையும் என்று கேட்டேன். அத்தான் இதை அலட்சியமாகத் தள்ளிவிடவில்லை. காங்கேசன்துறை விளக்குகள் தெரியும்வரை யோசித்தார். வழக்கில் வெல்ல விரும்பும் மனிதர் மாதிரி இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினார்.

"கரண்டி ஆற்ற கரண்டி? அவன்ர கரண்டி" என்று கடைசியில் தீர்ப்புச் சொன்னார். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, நாளைக்குக் கரையில் இறங்கியதும் திருகோணமலைக் கடைகளில் என்ன என்ன தின்பேன் என்று வரிசைப்படுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஞாயிறு விரதம் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. நாங்கள் மண்டபத்துக்குப் போகவேயில்லை. திருகோணமலை மலைகள் தெரியத் தொடங்கியதும் அத்தான் எங்களை மேல்தட்டில் சாய்மனைக் கதிரைகளில் இருத்தி, தன் முடிவைச் சொன்னார். பையனில் குறை இல்லை. நடை சரி, பழக்கம் சரி, குடும்பமும் சரி. ஆனால் உத்தியோகம் என்று புறோக்கர் சொன்னது கோப்பை எடுத்து வைக்கிற வேலை. மேசையைத் துடைக்கிறவருக்குப் பெண் கொடுத்தேன் என்று உருத்திரபுரத்தில் எந்த முகத்தோடு சொல்வது? சிங்கப்பூர் போனவர் கொண்டுவந்த சம்பந்தம் இதுவா என்று சிரிக்கமாட்டார்களா?

"நல்ல காலம், ஒருத்தரும் கை நனைக்கேல்லை. கதை இதோட நிக்கட்டும்" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. பசி வேறு. அத்தானோடு நான் எதிர்த்துக் கதைப்பதில்லை, அன்றைக்குக் கதைத்தேன்.

"நெல்லு விளைவிச்சு ஊருக்குச் சோறு போடுறது எங்களுக்குப் பெருமை. அந்தச் சோத்தைக் கோப்பையில வைச்சுக் குடுக்கிறது மட்டும் குறைவோ?"

அத்தான் மலையைப் பார்த்தார். அவர் முடிவெடுத்தபின் மலையைப் பார்ப்பார், அல்லது மாட்டைப் பார்ப்பார். கதை முடிந்தது என்று அர்த்தம். அடுத்த போகம், அடுத்த புறோக்கர், இன்னொருவரின் முழங்கால் என்று எனக்கு எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. பத்து வருசம் கழித்துத் தவமணி எனக்குப் பக்கத்தில் இருந்து ஊசியில் நூல் கோர்ப்பதும் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. அப்போதுதான் தவமணி பேசினாள். சத்தம் போடவில்லை, அவசரப்படவும் இல்லை.

"நான் சாப்பிட்டனான் ஐயா."

அத்தான் திரும்பினார். முதலில் அவருக்கு விளங்கவில்லை. பிஸ்கட்டையா சொல்கிறாள் என்று என்னைப் பார்த்தார்.

"நேற்று மத்தியானம், நீங்கள் நானாவோட கதைச்சுக்கொண்டு நிக்கேக்க. மண்டபத்துக்குப் போய்ச் சாப்பிட்டனான்."

"ஆர் போட்டது?"

"அவர்தான்."

அத்தான் கதிரைக் கையை இறுக்கிப் பிடித்தார். பிறகு, அவளுக்கு வழிவிடுகிற மாதிரி, பிள்ளைக்குப் பசி, அதை ஒரு கணக்கில் எடுக்கத் தேவையில்லை, அந்தப் பையனுக்கு நாங்கள் ஆர் என்றே தெரியாதே என்றார்.

"தெரியும் ஐயா. நான் ஆரெண்டு சொல்லிப்போட்டுத்தான் சாப்பிட இருந்தனான்."

எங்கள் குடும்பத்தில் பெண் பார்க்கிற கதையில் பெண் வாய் திறந்த சரித்திரம் கிடையாது. எனக்கு அந்த வயதில் இது தோன்றியிருந்தால் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் பொறாமை வரவில்லை, நெஞ்சு நிறையச் சந்தோசம்தான் வந்தது. அவர் அதற்கு என்ன சொன்னார் என்று நான்தான் கேட்டேன்.

"ஒண்டும் சொல்லேல்லை சின்னம்மா. எனக்குப் போட்டுப்போட்டு, தானும் ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு வந்து முன்னால இருந்து சாப்பிட்டவர். அப்பிடிப் பயணிகளோட இருக்கக் கூடாதாம். குசினிக்காரர் கூப்பிட்டவர், எழும்பேல்லை."

கப்பல் குழல் ஊதியது. துறைமுகத்துப் படகுகள் கண்ணுக்குத் தெரிந்தன. அத்தானுடைய முகத்தில் கோபம் வந்தது, போனது, இன்னொன்று வந்தது. எத்தனையோ மாப்பிள்ளைகளை ஒளித்திருந்து பார்த்தவருக்கு, தன் மகளை அன்றைக்குத்தான் நேரே பார்க்கக் கிடைத்ததுபோல் இருந்தது. பிறகு மிகவும் தாழ்ந்த குரலில், என்ன கறி என்று கேட்டார்.

"மீன்குழம்பும் பருப்பும். ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கினனான் ஐயா."

அத்தான் எழும்பினார். வேட்டியை உதறிக் கட்டினார். படியிறங்கிச் சாப்பாட்டு மண்டபத்துக்கு நடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம். ஆட்கள் இறங்குவதற்கு முன்னாலான கடைசிச் சாப்பாடு முடிந்து, மேசைத் துணிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். சிவராசா எங்களைக் கண்டதும் கையிலிருந்ததை வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது.

அத்தான் மூலையிலிருந்த குழாயடிக்குப் போனார். வலது கையை மணிக்கட்டுவரை நன்றாகக் கழுவினார். வந்து துணியில்லாத மேசை ஒன்றில் இருந்து, கரண்டியையும் முள்ளையும் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்தார்.

"தம்பி, எனக்கும் கொஞ்சம் சோறு போடும்."

சிவராசா போட்டார். கப்பல் கரை சேரும்வரை அத்தான் போதும் என்று கை காட்டவில்லை.